ஜன்னலைத் திறந்து வைத்து மூன்று மணி நேரம்

மாட்டுக்கறி வேக எவ்வளவு நேரம் ஆகும்? நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் நம்மைக் கேட்டால் விசில் கணக்கில்தான் பதில் சொல்வோம். ஆறு விசில். முற்றிய கறியென்றால் எட்டு. வாசல் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, பட்டை கிராம்பைக் கூடுதலாகப் போட்டு, ஆவி அடங்குவதற்குள் ஊதுவத்தி கொளுத்தி, எலும்பைச் செய்தித்தாளில் சுற்றி அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போடுவது வரை நமக்கென்று ஒரு சமையல் குறிப்பு இருக்கிறது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த குறிப்பு அது.

சில வாரங்களுக்கு முன் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கைபேசியில் ஒரு சமையல் வீடியோவைக் காட்டினார். இத்தாலியின் பொலோன்யா நகரத்து இறைச்சிக் குழம்பு. பெயர் ரகூ. மெதுவாக வேகவிடுங்கள், வீடு முழுக்க மணக்கும், அதுதான் இதன் அழகு என்று உருகுகிறார் சமைப்பவர். சட்டியில் இருப்பது மட்டன் கைமா. "ஒரிஜினல்ல வேற மீட் போடுவாங்க, நாம மட்டன் எடுத்துக்கலாம்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார். அந்த 'வேற மீட்' எது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாணவி கேட்டார்: "தோழர், வீடு முழுக்க மணக்கணும்னா நாம எங்க போய்ச் சமைக்கிறது?"

அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த 'வேற மீட்'. ரகூவில் போடுவது மாட்டுக்கறி. இதில் வழக்காட ஒன்றுமில்லை, பதிவே இருக்கிறது. இத்தாலியச் சமையல் கழகம் 1982 அக்டோபர் 17 அன்று பொலோன்யா வணிகச் சபையில் இந்தக் குழம்பின் செய்முறையைப் பதிவு செய்தது. மாட்டின் உதரவிதானத் தசை 300 கிராம் என்கிறது அந்தப் பதிவு. 2023இல் அதைத் திருத்தியபோது கரகரப்பாக அரைத்த மாட்டுக்கறி 400 கிராம் என்று எழுதினார்கள். கூடவே பன்றியின் வயிற்றுக்கறி 150 கிராம். வெங்காயம், கேரட், செலரி தலா 60 கிராம் அளவுக்கு. தக்காளிச் சாறு 200 கிராம், ஒயின் ஒரு குவளை. இந்தக் குழம்போடு சேர்த்துச் சாப்பிடும் தாலியத்தெல்லே என்ற நாடா போன்ற பாஸ்தாவுக்கும் அதே சபையில் 1972இல் அளவு குறித்தார்கள். வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர். அந்த அளவைத் தங்கத்தில் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஊர் தன் மாட்டுக்கறிக் குழம்பை நிலப் பத்திரம் போலப் பதிந்து வைக்கிறது. நம் ஊரில் என்ன நடந்தது? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள். இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்க வேண்டியிருந்தது.

ஆட்டுக்கறியில் ரகூ செய்வது குற்றமல்ல. இத்தாலியிலேயே ஆட்டுக்கறி ரகூ உண்டு. கறியை மாற்றியதில் நமக்குச் சண்டை இல்லை. பெயரை மறைத்ததில்தான் சண்டை.

நாங்கள் சமைத்தோம். எங்களில் யாருடைய வாடகை வீட்டிலும் அது நடக்காது என்பதால் பேருந்து ஏறி ஒரு தோழரின் ஊருக்குப் போனோம். ஊர் என்று சொல்வது தவறு, காலனி. நம்மைத் தள்ளி வைத்த இடத்தில்தான் நம்மால் ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான, வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். எங்களோடு வந்த இஸ்லாமியத் தோழருக்காகப் பன்றியையும் ஒயினையும் விட்டோம். மாட்டுக் கொழுப்பை உருக்கிக்கொண்டோம். ஒயினுக்குப் பதில் எலும்பு வேகவைத்த சாறு. இதுவும் மாற்றம்தான். ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்காகச் செய்த மாற்றம், யாரையும் ஒளிப்பதற்காகச் செய்தது அல்ல.

பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் கொழுப்பில் சிறு தீயில் வதக்க வேண்டும். கருகாமல் குழைய வேண்டும். பிறகு தீயைக் கூட்டிக் கைமாவைப் போட்டால் கறி முதலில் நீர் விடும். அந்த நீர் முழுக்க வற்றி, கறி சடசடவென்று பொரியும் சத்தம் கேட்கும்வரை கிளற வேண்டும். பலரும் அவசரப்படுவது இங்கேதான். நீர் வற்றும் முன் தக்காளியை ஊற்றினால் கறி அவிந்துதான் போகும், வறுபட்ட மணம் வராது. தக்காளி குறைவாகவே போதும். இது கறிக்குழம்பு, தக்காளிக் குழம்பு அல்ல. அதன்பின் எலும்புச் சாற்றை ஊற்றி, தீயை முடிந்த மட்டும் குறைத்து, மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்துவிட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் சரி. வற்ற வற்றச் சாறு சேர்க்க வேண்டும். பாதிக்கு மேல் வெந்தபின் அரைக் குவளை பால், விரும்பினால். குறைந்தது இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரமானால் நல்லது.

ஏன் இவ்வளவு நேரம்? உழைத்த தசையில் கொலாஜன் என்ற கடினமான புரதம் அதிகம். 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வெந்தால்தான் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். குழம்புக்குக் கெட்டியும் வழவழப்பும் தருவது அதுதான். உதரவிதானம் என்பது மாடு மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் இயங்குகிற தசை. உயிர் உள்ளவரை அதற்கு ஓய்வு கிடையாது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயதைக் கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்றோ, காயத்தாலும் நோயாலும் நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். ஆக, சட்டப்படி நம் கைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாடு. அந்தக் கறியை இளக்க உலகம் முழுக்க ஒரே வழிதான், நேரம். விறகடுப்பில் தணலைத் தள்ளி வைத்து நம் பாட்டிகள் செய்ததும் இதுதான். அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த தோழரின் அம்மா சிரித்தார்: "இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? மொளகாத்தூள் போட மறந்துட்டீங்க, அவ்ளோதான்."

ஒரே வேலை. அங்கே அதற்குப் பெயர் மணம். இங்கே அதற்குப் பெயர் வாடை.

இந்த இடத்தில் நம் தோழர்கள் பலரும் ஒரு குறுக்குவழியில் இறங்குவார்கள். 'இத்தாலிக்காரனே மாட்டுக்கறியைக் கொண்டாடுகிறான், உனக்கென்ன?' என்று ஒரு பதிவு போட்டுவிட்டு ஜெயித்ததாக நினைப்பார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. நமக்கான மரியாதையை ஐரோப்பியன் தட்டிலிருந்து எடுத்துவந்து காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதோடு, அந்தத் தட்டின் வரலாறு இவர்கள் நினைப்பது போன்றதும் அல்ல.

19ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் ஏழை விவசாயி ரகூ சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டது பொலெந்தா, மக்காச்சோளக் களி. மூன்று வேளையும் அதையே தின்றதில் நியாசின் சத்தில்லாமல் பெல்லக்ரா நோய் வந்தது. தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது. 1881இல் கணக்கெடுத்தபோது நோயாளிகள் 1 லட்சத்துக்கும் மேல். வாரத்துக்கு உழுத குடியானவர் விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்தார். பண்டிகைக்குக் கோழியும் முட்டையும் நிலக்காரர் வீட்டுக்குப் போயின. மாட்டைப் பராமரித்தவர் ஒருவர், கறி தின்றவர் வேறொருவர்.

இது எப்படி மாறியது? யாரும் நல்ல சமையல் புத்தகம் எழுதி மாற்றவில்லை. 1901இல் பொலோன்யாவில் நிலத் தொழிலாளர்களின் தேசியக் கூட்டமைப்பு பிறந்தது. கூலிக்கும் வேலை நேரத்துக்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1920களின் தொடக்கத்தில் பாசிஸ்ட் கும்பல்கள் இந்தச் சங்கங்களின் கட்டடங்களைத் தேடித்தேடிக் கொளுத்தின. அதையும் தாண்டி வந்தார்கள். புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்யும் சட்டம் 1964இல் வந்தது. மிச்சமிருந்தவற்றைக் குத்தகையாக மாற்றிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 1982 மே மாதம் வந்தது. ரகூ வணிகச் சபையில் பதிவானது அதே ஆண்டு அக்டோபரில். இது தற்செயல்தான். ஆனாலும் வரிசையைப் பாருங்கள். முதலில் நிலம், கூலி, சட்டம். குழம்புக்குப் பெருமை அதற்குப் பிறகு.

வீட்டு விஷயத்துக்கும் அங்கே ஒரு கதை உண்டு. 1950களிலும் 60களிலும் தெற்கு இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானோர் கார்த் தொழிற்சாலை வேலைக்காகத் துரின் நகரத்துக்கு வந்தார்கள். 'தெற்கத்தியருக்கு வாடகைக்கு இல்லை' என்று வீடுகளில் பலகை தொங்கியது. குளியல் தொட்டியில் தக்காளிச் செடி வளர்க்கும் கூட்டம் என்று ஏளனம் செய்தார்கள். அந்தத் தெற்கத்தியத் தொழிலாளர்கள் தங்கள் தக்காளியின் சுவையை நிரூபித்துக்கொண்டு இருக்கவில்லை. 1969இன் பெரும் வேலைநிறுத்தங்களில் முன்வரிசையில் நின்றார்கள். வாடகைக்கு வீடு கேட்பதும் அந்தப் போராட்டங்களின் முழக்கமாக இருந்தது. 1970இல் தொழிலாளர் உரிமைச் சட்டம் வந்தது. இன்று அந்தத் தக்காளி இத்தாலியின் அடையாளம்.

இத்தாலி சொர்க்கம் என்று சொல்லவில்லை. இன்று அங்கே தக்காளி பறிப்பவர்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த கூலிகள். அவர்களைக் கூட்டிப்போய்க் கூலியில் பங்கு பிடிக்கும் இடைத்தரகரை 'கப்போராலே' என்கிறார்கள். நம் கங்காணிதான். அவர்களைத் தண்டிக்க 2016இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதன் பிறகும், 2024 ஜூன் மாதம் லத்தீனா பகுதியில் இயந்திரத்தில் கை துண்டான இந்தியத் தொழிலாளி ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர் இறந்தார். குழம்பின் மணத்தில் மயங்கி இதை மறக்கிறவர்கள் நம் ஆட்கள் அல்ல.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பேசித்தான் ஆக வேண்டும். அந்தக் குடியானவருக்கும் கறிக்கும் நடுவே நின்றது வறுமை. வறுமை நீங்கியதும் அவர் சட்டியில் கறி வெந்தது, அதைத் தீட்டு என்று யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நம் கதை அப்படி இல்லை. நாம் படித்தோம், வேலைக்கு வந்தோம், கறி வாங்கக் காசும் வந்தது. ஜன்னல் மட்டும் திறக்கவில்லை. "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்பது உணவைப் பற்றிய கேள்வி அல்ல. சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவரின் கேள்வி அது.

சட்டம் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பட்டியல் போட்டு அங்கெல்லாம் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் சமூகத்தாருக்கு மட்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் பார்சி குடியிருப்பு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியை விட்டொழிக்கச் சொன்னார். தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில், மாட்டிறைச்சி உண்டதற்காகவே ஒரு மக்கள் கூட்டம் தீண்டத்தகாததாக ஆக்கப்பட்டது என்று வாதிட்டார். இரண்டுக்கும் முரண் இல்லை. பிறர் வீசியதைத் தின்னாதே, விரும்பித் தின்பதை ஒளிக்காதே என்றுதான் நாங்கள் அதைப் புரிந்துகொள்கிறோம். பாட்டியின் சமையல் என்று பழைய பட்டினியைக் கவிதையாக்கி விற்பதும் நம் வேலையல்ல.

மாணவத் தோழர்களே, செய்ய வேண்டியது நான்கு. சமையல் வீடியோ போடுகிறீர்களா, கறியின் பெயரைச் சொல்லிச் சமையுங்கள். உங்கள் விடுதி உணவுப் பட்டியலில் மாட்டுக்கறி இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். 'சைவம் மட்டும்' என்ற வாடகைப் பலகைகளையும் விளம்பரங்களையும் படமெடுத்து, தேதியும் தெருவும் குறித்துச் சேர்த்து வையுங்கள். நாளை வழக்குக்கும் கோரிக்கைக்கும் சான்று அவைதான். சாதி, மதம், உணவு பார்த்து வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும் என்பதை உங்கள் அமைப்பின் கோரிக்கைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

கறிக்குக் காசு இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. மூன்று மணி நேரம் கிளறும் பொறுமையும் இருக்கிறது. 'ஜன்னலைச் சாத்து' என்பவரிடம் 'மாட்டோம்' என்று சொன்னபின் மறுநாளும் அதே வீட்டில் குடியிருக்க ஒரு சட்டமும், அதை வாங்கித் தரும் சங்கமும்தான் இன்னும் இல்லை. அதற்கு எந்த விசில் கணக்கும் கிடையாது தோழர்களே. நாம்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.