வலிமையும் வாய்ப்பும்

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துக வரி என்றொரு பகுதி உண்டு. மகளிர் பந்தாடும்போது பாடும் பாட்டு அது. சங்க இலக்கியம் காட்டும் மகளிர் விளையாட்டுகளிலும் ஓரை, கழங்கு, ஊசல் ஆகியவற்றோடு பந்தும் இடம்பெறுகின்றது. வகுப்பறையில் இப்பகுதிகளை நடத்தும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு வினா எழும். அன்று பெண்ணின் கையில் இருந்த பந்து பின்னர் எங்கே போயிற்று?

எங்கள் ஊராகிய தேவதானப்பட்டிக்கு அணித்தே உள்ளது பெரியகுளம். ஆண்டுதோறும் கோடையில் அங்கு ஆடவர் அணிகள் மோதும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் காண மக்கள் திரள்வர். சிறுமியாக இருந்தபோது அத்தாவின் கைபற்றிச் சென்று நானும் கண்டதுண்டு. அந்த ஆசையில், ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக் கூடைப்பந்து அணிக்குப் பெயர் கொடுத்தேன். "பொம்பளப் புள்ளைக்கு அந்த வலு ஏதும்மா? விழுந்து கை கால் ஒடிஞ்சா யாரு பாக்குறது?" என்றார் பெரியத்தா. கனிவோடுதான் சொன்னார். ஆயினும் என் பெயர் அடிக்கப்பட்டது. மஞ்சளாற்றுப் பக்கத்து மாந்தோப்புகளில் கூடை நிறைய மாங்காயைத் தலையில் ஏற்றி விரைந்து நடந்த பெண்களிடம் மட்டும் "உனக்கு வலு ஏது?" என்று எவரும் கேட்டதில்லை.

பெரியத்தா சொன்னது முற்றும் பொய்யா? அன்று. அதனை நேர்மையோடு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பூப்புப் பருவத்திற்கு முன்னர்ச் சிறுவர் சிறுமியரின் உடல் வலிமையில் பெரிய வேறுபாடு இல்லை. அதன்பின் ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் எனும் சுரப்பு பெண் உடலில் உள்ளதைப்போல் பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றது. தசை பெருக்கின்றது; எலும்பு நீண்டு தடிக்கின்றது; குருதியின் ஹீமோகுளோபின் உயர்கின்றது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று 468 ஆண் பெண்களை அளந்தது. எலும்பைப் பற்றிய தசையின் எடை ஆண்களில் சராசரி 33 கிலோ, பெண்களில் 21 கிலோ என்று அது கண்டது. இவ்வேறுபாடு காலைவிடத் தோளிலும் கையிலுமே மிகுதி. ஆதலால் வேகமாக ஓடுவதில் உச்ச நிலை வீரர்க்கும் வீராங்கனையர்க்கும் ஏறத்தாழப் பத்து விழுக்காடாக உள்ள இடைவெளி, தாவுவதிலும் எறிவதிலும் இன்னும் விரிகின்றது.

ஆனால் இவ்வுண்மையிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? "ஆகவே பெண் ஆட வேண்டா" என்பது அறிவியல் தந்த முடிவன்று, நாமே ஒட்டிக்கொண்டது. அதே அறிவியல் வேறு சிலவற்றையும் சொல்கின்றது. சம அளவுத் தசையை எடுத்து நோக்கின், ஆண் தசைக்கும் பெண் தசைக்கும் ஆற்றலில் பெரிய வேற்றுமை இல்லை. முறையாக எடைப் பயிற்சி செய்தால், தொடங்கிய நிலையிலிருந்து பெண் அடையும் விழுக்காட்டு முன்னேற்றம் ஆணின் முன்னேற்றத்திற்கு ஏறக்குறைய நிகரானது. மிதமான அளவில் இடைவிடாது உழைக்கும்போது பெண்ணின் தசை பெரும்பாலும் மெதுவாகவே களைப்படைகின்றது. மேலும், குழு விளையாட்டு என்பது தனி ஒருவரின் தசைப் போட்டியன்று. பந்து எங்கே வரும் என்று முன்னுணர்தலும், தோழியின் கையறிந்து கொடுத்தலும், பதற்றத்தில் நிதானித்தலும் தராசில் நிறுக்கக் கூடியவை அல்ல.

விளையாட்டின் விதிகளை வகுத்தோர் இவ்வேறுபாட்டை அறிந்தே நீதி செய்தனர். கைப்பந்தில் வலையின் உயரம் ஆடவர்க்கு 2.43 மீட்டர், மகளிர்க்கு 2.24 மீட்டர். கபடிக் களம் ஆடவர்க்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. மகளிர்க்கு 12 மீட்டரும் 8 மீட்டரும். கூடைப்பந்தில் மகளிர் பந்து சற்றுச் சிறியது. கூடையோ இருவர்க்கும் ஒரே 3.05 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. கால்பந்தில் களமும் பந்தும் தொண்ணூறு நிமிடமும் இருவர்க்கும் ஒன்றே. மகளிர்க்கெனத் தனிப் பிரிவு வைப்பது இரக்கத்தால் அன்று. நிகரானவர் நிகரானவரோடு மோதினால்தான் திறமை வெளிப்படும் என்பதால்.

இயற்கை வைத்த இடைவெளி இவ்வளவே. எனக்குக் கவலை தருவது, அதன்மேல் நாம் வைத்த இடைவெளி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் 53.4 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர். தசைக்கு உயிர்வளியைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைந்த பெண் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி அமர்ந்தால், "பெண் என்றால் இப்படித்தான்" என்கிறோம். தட்டில் முட்டையும் கறியும் முதலில் யாருக்கு விழுகின்றன என்று நினைப்பதில்லை. கால்பந்திலும் கூடைப்பந்திலும் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கும் மேல் நேர்கின்றது. தாவி இறங்கும் முறையையும் தொடைத் தசைப் பயிற்சியையும் கற்பித்தால் இதனைப் பெரிதும் குறைக்கலாம். நாமோ எடைக் கருவிகள் உள்ள அறையை மாணவர்க்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறோம். சிறுவன் ஆறு வயதில் தெருவில் பந்தை உதைக்கின்றான். சிறுமி பதினெட்டு வயதில் கல்லூரியில்தான் முதன்முதல் அதனைத் தொடுகின்றாள். இந்தப் பன்னிரண்டு ஆண்டு இழப்பையும் இயற்கையின் கணக்கில் எழுதுவது எவ்வகை நீதி?

ஆடையைக் காரணம் காட்டும் பெரியோர் சிலர் உளர். அவர்தம் உணர்வை மதிக்கின்றேன். ஆனால் அந்தத் தடையும் நீங்கிற்று. தலையை மறைத்து ஆடுவதற்குப் பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் 2014-இலும், கூடைப்பந்துச் சம்மேளனம் 2017-இலும் இசைவு தந்தன. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், கபடியில் அதுவரை தோல்வியே அறியாத இந்திய மகளிர் அணியை இறுதியாட்டத்தில் 27-24 என வென்றது ஈரான் அணி. ஆடிய பெண்கள் தலைமுக்காடிட்டவர். அவர்களைப் பயிற்றுவித்தவரோ நம் நாட்டின் ஷைலஜா ஜெயின் எனும் பெண்மணி.

நம் மாநிலத்திலும் சான்றுகள் உள. மதுரையின் சேது கால்பந்துக் கழகம் 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. தமிழக மகளிர் அணி 2017-18-இலும் 2022-23-இலும் தேசிய முதுநிலைக் கால்பந்தில் வாகை சூடியது. சென்னை கண்ணகி நகரில் வளர்ந்த கார்த்திகா, 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். இவர்களுக்கு வலிமை வானத்திலிருந்து வந்திறங்கவில்லை. களமும் உணவும் பயிற்சியும் காலத்தே கிடைத்தன.

சமுதாயப் பெரியோர்களே! பெண் மக்களுக்கு ஆணைப்போல் வலிமை உண்டா என்ற வாதத்தை விடுங்கள். அவர்கள் அடையக்கூடிய முழு வலிமையை அடைய விட்டோமா என்று கேளுங்கள். ஆசிரியத் தோழர்களே! ஆண்டுக்கொரு முறை மாணவியரின் குருதியைச் சோதிக்கவும், எடைப் பயிற்சி அறையை நாளில் ஒரு மணி நேரம் அவர்களுக்கென ஒதுக்கவும், பெண் பயிற்றுநர் ஒருவரை அமர்த்தவும் வழி காண்போம். மாணவியரே! தயங்காது பெயர் கொடுங்கள்.

பெரியத்தா இன்று இல்லை. இருந்திருந்தால், வலு இருந்தால்தான் ஆடலாம் என்பதில்லை, ஆட ஆடத்தான் வலு வரும் என்று அவரிடம் பணிவோடு சொல்லியிருப்பேன். கேட்டிருப்பார் என்றே நம்புகின்றேன்.