லக்ஸுரி கார் வாங்கப் போறீங்களா? பேரம் பேசக் கூச்சப்பட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்!

மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி ஏறும் ரோட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரவேணுவில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி என்று வரிசையாகப் போகும். பெரும்பாலும் டூரிஸ்ட்டுகள். ஆனால், நடுவில் டி.என் 43 நம்பர் போட்ட வண்டியும் ஒன்றிரண்டு கண்ணில் படும். தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரிலோ கோவையிலோ நல்ல சம்பளம் வாங்கும் தலைமுறைக்கு லக்ஸுரி கார் வெறும் போஸ்டர் கனவு இல்லை. இ.எம்.ஐ கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கிற விஷயமாகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், பச்சைத் தேயிலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறுமா, இறங்குமா என்பதற்காக வருஷக்கணக்கில் சண்டை போடுகிற பூமி இது. 2023 செப்டம்பரில் கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டும் என்று சிறு விவசாயிகள் கோத்தகிரி வட்டாரத்தில் தொடர் உண்ணாவிரதமே இருந்தார்கள். அதே வீட்டுப் பிள்ளை, கோவையில் ஏ.சி ஷோரூம் சோபாவில் உட்கார்ந்து, கையில் கப்புச்சினோ வந்ததும் அமைதியாகிவிடுகிறார். '60 லட்சம் வண்டி வாங்க வந்துட்டு, 15 ஆயிரத்துக்குப் பேரம் பேசினா என்ன நினைப்பாங்க?' என்ற கூச்சம். கிலோ 20 ரூபாய் என்று வைத்தால், அந்த 15 ஆயிரம் என்பது 750 கிலோ கொழுந்து. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். கூச்சம் பாதி குறைந்துவிடும்.

வரி குறைந்தது, அது தள்ளுபடி இல்லை

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி மாறியது. அதுவரை பெரிய கார்களுக்கு 28% ஜி.எஸ்.டி, அதன் மேல் செஸ் என்று போட்டு, எஸ்.யூ.வி-க்கு மொத்தம் 50% வரை வரி இருந்தது. இப்போது செஸ் கிடையாது. ஒரே வரி, 40%. லக்ஸுரி கம்பெனிகள் எல்லாமே விலையைக் குறைத்தன.

இங்கே ஒரு சின்ன கணக்கு. வரி 10 புள்ளி குறைந்தால் விலை 10% குறைந்துவிடாது. வரி இல்லாத விலை 100 என்றால், முன்பு 150, இப்போது 140. அதாவது குறைந்தது சுமார் 6.7%. அதுவும் அரசு விட்டுக்கொடுத்த பணம். ஷோரூம் கொடுத்தது அல்ல. கொட்டேஷனில் பழைய விலையை அடித்துக் காட்டி, 'ஜி.எஸ்.டி பெனிஃபிட் இவ்ளோ சார்' என்று யாராவது அதைத் தள்ளுபடிக் கணக்கில் சேர்த்தால், சிரித்துக்கொண்டே கேளுங்கள்: "அது சரிங்க, நீங்க எவ்ளோ தர்றீங்க?"

60 லட்சத்தில் யாருக்கு எவ்வளவு?

பேரம் பேசுவதற்கு முன்னால், எதில் பேச முடியும் என்று தெரிய வேண்டும். கணக்குக்காக, எக்ஸ் ஷோரூம் விலை 60 லட்சம் உள்ள ஒரு பெட்ரோல் எஸ்.யூ.வி-யை எடுத்துக்கொள்வோம். அதில் ஜி.எஸ்.டி மட்டும் சுமார் 17.14 லட்சம். வண்டியின் அசல் விலை 42.86 லட்சம்தான்.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இது உயர்ந்தது. 5 லட்சம் வரையிலான கார்களுக்கு 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் போனால் 20%. நம் வண்டிக்கு 12 லட்சம். இதோடு, 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 1% டி.சி.எஸ், அதாவது 60 ஆயிரம். இன்சூரன்ஸ் சேர்க்காமலே 72 லட்சத்து 60 ஆயிரம் வந்துவிட்டது.

இதில் டி.சி.எஸ் பணம் உங்கள் பான் கணக்கில் ஏறும். வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். கூடுதலாகக் கட்டியிருந்தால் திரும்ப வாங்கலாம். வாங்குகிற அவசரத்தில் அதைக் கார் செலவாக நினைத்து மறந்துவிடாதீர்கள். 3,000 கிலோ கொழுந்து அது!

லக்ஸுரி கார் பட்ஜெட் இல்லாதவர்களுக்கும் இந்த வரி அட்டவணையில் ஒரு பாடம் இருக்கிறது. 19.90 லட்சம் காருக்குச் சாலை வரி 3,58,200 ரூபாய். 20.10 லட்சம் காருக்கு 4,02,000. விலை வித்தியாசம் 20 ஆயிரம், வரி வித்தியாசம் 43,800. எல்லைக்கோட்டில் நிற்கிற வேரியன்ட் என்றால், ஒரு படி கீழே இறங்கலாமா என்று யோசிப்பதே நல்ல பேரம்.

பேரம் நடக்காத இடங்கள்

முதலில் வரி. லைஃப் டாக்ஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று புதுச்சேரி முகவரியில் பதிவு செய்யும் ஐடியாவை யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிடுங்கள். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். நடிகர் விஜய்யின் இறக்குமதி ரோல்ஸ் ராய்ஸுக்கு நுழைவு வரி கேட்ட விவகாரம் நினைவிருக்கும். 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்து ஒரு லட்சம் அபராதமும் போட்டது. தீர்ப்பில் இருந்த கடுமையான கருத்துகளைப் பின்னர் டிவிஷன் பெஞ்ச் நீக்கியது. ஆனால், வரி வரிதான். சூப்பர் ஸ்டார்களுக்கே அதில் டிஸ்கவுன்ட் இல்லை.

இரண்டாவது, சில கம்பெனிகளில் கார் விலையே. மெர்சிடிஸ் பென்ஸ் 2021-லிருந்து இந்தியாவில் நேரடி விற்பனை முறைக்கு மாறிவிட்டது. ஸ்டாக் கம்பெனியுடையது, பில் போடுவதும் கம்பெனி. டீலருக்குக் கமிஷன். கோவையில் கேட்டாலும் டெல்லியில் கேட்டாலும் ஒரே எக்ஸ் ஷோரூம் விலை. எனவே, அங்கே சேல்ஸ் எக்ஸிகியூட்டிவிடம் "விலையைக் குறைங்க" என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவது வீண். "கம்பெனி இந்த மாசம் இந்த மாடலுக்கு என்ன ஆஃபர் கொடுத்திருக்கு?" என்று கேட்பதுதான் சரி. பழைய டீலர் முறையில் விற்கும் பிராண்டுகளில் நிலைமை வேறு. அங்கே வண்டி டீலர் காசு போட்டு எடுத்த ஸ்டாக். யார்டில் நிற்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஓடுகிறது. மாதக் கடைசி, மார்ச் கடைசி, டிசம்பர் கடைசியில் விலை இளகுவது அதனால்தான்.

டிசம்பரில் வாங்கினால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆர்.சி-யில் உற்பத்தி மாதமும் வருடமும் ஏறும். நாளை விற்கப்போகும்போது ஒரு வருடம் பழசாகவே கணக்காகும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்குத் தள்ளுபடி இருந்தால் மட்டும் கை நீட்டுங்கள்.

பேரம் நடக்கும் இடங்கள்

இன்சூரன்ஸ்: டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. புதுக் காருக்கு 3 வருட தேர்டு பார்ட்டி கட்டாயம். அதன் பிரீமியம் அரசு நிர்ணயித்தது, எங்கே போனாலும் ஒன்றுதான். 'ஓன் டேமேஜ்' பகுதியும் ஜீரோ டெப் போன்ற ஆட்-ஆன்களும்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போனிலேயே இரண்டு கொட்டேஷன் எடுத்து, அதே ஐ.டி.வி, அதே ஆட்-ஆன்களோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். பல நேரம் டீலரே இறங்கி வருவார்.

லோன்: 50 லட்சம், 5 வருடம், 9.5% வட்டி என்றால் இ.எம்.ஐ சுமார் 1,05,000. அதுவே 9% என்றால் சுமார் 1,03,800. மாசத்துக்கு 1,200 ரூபாய்தானே என்று விட்டுவிடத் தோன்றும். ஐந்து வருடத்தில் அது 73 ஆயிரம். அரை சதவிகிதத்துக்காக இன்னொரு வங்கிக்கு ஒரு போன் போடலாம்தானே? 'மாசம் இவ்ளோதான் ப்ரோ' என்று நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த இ.எம்.ஐ சொன்னால், கடைசியில் ஒரே தவணையாகக் கட்ட வேண்டிய பெரிய தொகை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டி ஃப்ளாட் கணக்கா, குறையும் நிலுவைக் கணக்கா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய வண்டி: எக்ஸ்சேஞ்சில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று உங்கள் பழைய காரின் விலை, இன்னொன்று எக்ஸ்சேஞ்ச் போனஸ். போனஸை ஏற்றிக் காட்டி, பழைய கார் விலையை இறக்குவது ரொம்பப் பழைய வித்தை. வெளியே ஒரு விலை விசாரித்து வைத்துக்கொண்டு, புதுக் கார் விலை முடிவான பிறகே பழைய வண்டிப் பேச்சை எடுங்கள்.

உதிரிச் செலவுகள்: ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், 'எசென்ஷியல் கிட்', கோட்டிங். ஒவ்வொன்றுக்கும் "இது எதுக்கு? வேணாம்னா எடுத்துடலாமா?" என்று கேளுங்கள். கேட்கிறவரின் கொட்டேஷனில்தான் இவை காணாமல் போகும். தள்ளுபடி தருவதாகச் சொன்னால், அது இன்வாய்ஸிலேயே இறங்குமா, பிறகு தனியாக வருமா என்பதையும் பேசிவிடுங்கள். இன்வாய்ஸில் இறங்கினால் ஜி.எஸ்.டி-யும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

மலைக்காரர்கள் கேட்க வேண்டியது

அரவேணுவிலிருந்து கோவை ஷோரூமுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒவ்வொரு சர்வீஸுக்கும் மலை இறங்கி ஏறினால் ஒரு நாள் போய்விடும். விலையில் இறங்கி வர முடியாது என்று சொல்கிற டீலரிடம், வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய்த் திருப்பி விடும் வசதியைக் கேளுங்கள். எக்ஸ்டெண்டட் வாரன்டி, சர்வீஸ் பேக்கேஜில் விலை குறைக்கச் சொல்லுங்கள். நடுரோட்டில் வண்டி நின்றால், கொண்டை ஊசி வளைவுக்கு டோயிங் வண்டி வருமா, தூர வரம்பு என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். லக்ஸுரி கார் உங்களை உண்மையில் சோதிப்பது வாரன்டி முடிந்த பிறகுதான். எனவே, 50 ஆயிரம் தள்ளுபடியைவிட இரண்டு வருடக் கூடுதல் வாரன்டி பல நேரம் மேல்.

பதிவையும் யோசித்துச் செய்யுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டி.என் 43 வண்டிகளுக்கு வேண்டாம். வீடு அரவேணுவில், நம்பர் கோவையில் என்றால் சொந்த ஊருக்கு வரவே அலைச்சல்.

எலெக்ட்ரிக் பக்கம் மனசு போனால், அங்கே ஜி.எஸ்.டி 5%தான். தமிழ்நாட்டின் சாலை வரி விலக்கு காலவரம்போடு வரும் சலுகை. பதிவு செய்கிற தேதியில் அது அமலில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

காத்திருந்தால் விலை சரியுமா?

2026 ஜனவரி 27-ல் இந்தியா - ஐரோப்பிய யூனியன் வர்த்தகப் பேச்சுவார்த்தை முடிந்ததும், 'பென்ஸ் பாதி விலை' என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் பறந்தன. முழு காராக இறக்குமதியாகும் வண்டிக்கு 110% வரை இருக்கும் சுங்க வரி, ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டிகள் என்ற வரம்புக்குள் கட்டம் கட்டமாக 10% ஆகும் என்பதுதான் விஷயம். ஆனால், இங்கே அதிகம் விற்கும் மாடல்கள் உதிரிபாகங்களாக வந்து இந்தியாவிலேயே பூட்டப்படுபவை. மெர்சிடிஸுக்குப் புனே அருகே சக்கன், பி.எம்.டபிள்யூ-வுக்கு 2007-லிருந்து நம்ம சென்னைப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அவற்றுக்குச் சுங்க வரி ஏற்கெனவே மிகக் குறைவு. பெரிய பலன், முழுசாக இறக்குமதியாகும் விலை உச்சத்து மாடல்களுக்குத்தான். நீங்கள் பார்ப்பது இங்கே பூட்டிய வண்டி என்றால், இந்த ஒப்பந்தத்துக்காகக் காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை.

எப்படிப் பேசுவது?

சத்தம் வேண்டாம், சவடால் வேண்டாம். குறைந்தது இரண்டு ஊர்களில், கோவையும் பெங்களூரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வேரியன்ட்டுக்கு வரி வரியாகப் பிரித்த கொட்டேஷனை மெயிலில் வாங்குங்கள். வரிகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள். புக்கிங் பணம் கட்டும் முன், டெலிவரிக்குள் விலை ஏறினால் யார் தலையில் விழும், கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். முழுப் பணம் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை நேரில் பாருங்கள். "இன்னிக்கு மட்டும்தான் சார் இந்த ஆஃபர்" என்றால், "சரிங்க, வீட்ல பேசிட்டு நாளைக்கு வர்றேன்" என்று எழுந்துவிடுங்கள். அந்த ஆஃபர் பெரும்பாலும் நாளைக்கும் இருக்கும்.

பச்சைத் தேயிலைக்கு விலை சொல்லும் அதிகாரம் இந்த மலையின் விவசாயிக்கு இல்லை. ஏலத்தில் வந்த சராசரியைப் பார்த்து யாரோ சொல்லும் விலைக்குத்தான் கொழுந்தைக் கொடுக்கிறார். ஷோரூமில் உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. வாங்குகிறவர் நீங்கள். வேண்டாம் என்று எழுந்து வரும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது. கப்புச்சினோவை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்!