பன்னீர் திராட்சைக்கு ஒயின் யோகம் அடிக்குமா? மழையை விட பெரிய முட்டுக்கட்டை எது?

கம்பம்:-

கம்பம் பள்ளத்தாக்கில் வானம் கறுத்தாலே திராட்சை விவசாயிகளுக்கு தூக்கம் போய் விடுகிறது. பழம் பழுக்கிற நேரத்தில் ரெண்டு நாள் மழை பிடித்தால் போதும், கொத்து கொத்தாக வெடித்து விடும். வெடித்த பழத்தை வியாபாரி திரும்பிக்கூட பார்க்க மாட்டார். பார்த்தாலும் அடிமாட்டு விலைதான்.

ஒவ்வொரு தடவையும் இப்படி விலை விழும்போது, 'இதை ஒயின் தயாரிக்க கொடுத்தால் என்ன?' என்ற பேச்சு கிளம்புகிறது. மழை விட்டதும் பேச்சும் அடங்கி விடுகிறது.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் என்று மலையடிவாரம் முழுக்க பந்தல் பந்தலாக விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது இதன் உலகப் பெயர். 2023-ம் ஆண்டு இதற்கு புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் பெரிதாகி விட்டது. விலை மட்டும் பழைய மாதிரியே ஏறி இறங்குகிறது.

வெடித்த பழம் உதவாது

முதலில் ஒரு விஷயத்தை தெளிவாக சொல்லி விட வேண்டும். மழையில் வெடித்த பழம் ஒயினுக்கு ஆகாது. வெடிப்பு வழியாக பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே போனால் சாறு புளித்து காடியாகி விடும். மழைத் தண்ணீரை குடித்து உப்பிய பழத்தில் இனிப்பும் குறைந்திருக்கும். சந்தைக்கு ஆகாததை தள்ளி விடுகிற குப்பைத்தொட்டி அல்ல ஒயின் ஆலை.

12 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினுக்கு பழச்சாற்றில் சர்க்கரை அளவு சுமார் 22 டிகிரி பிரிக்ஸ் இருக்க வேண்டும். சாப்பிடுவதற்காக பறிக்கிற பன்னீரில் பெரும்பாலும் இந்த அளவு வருவது இல்லை. நிறம் ஏறியதும் வெட்டி விடுகிறார்கள். அதில் விவசாயியை குறை சொல்லவும் முடியாது. சந்தையில் எடைக்குத்தானே காசு, இனிப்புக்கா கொடுக்கிறார்கள்?

சூடும் ஒரு பிரச்சினை. ராத்திரியும் வெக்கையாக இருந்தால் பழத்தின் புளிப்பு சீக்கிரம் குறைந்து விடும். புளிப்பு இல்லாத ஒயின் சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். ஈரம் அதிகமானால் இலைக்கு அடிச்சாம்பல் நோய் வந்து சேருகிறது. அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறார்களே, போர்டோ கலவை, அது பிரான்சின் ஒயின் ஊரான போர்டோவில் இதே நோய்க்காக 1880-களில் கண்டுபிடித்ததுதான். ஒயினுக்கு பேர் போன ஊரும் இந்த பூஞ்சையிடம் மாட்டித் தவித்திருக்கிறது.

கவாத்தில் இருக்கிறது சூட்சுமம்

மராட்டிய மாநிலம் நாசிக்கிலும் மழை கொட்டத்தான் செய்கிறது. ஆனால் அங்கே மழை ஓய்கிற சமயத்தில் காய்ப்பு கவாத்து செய்து, வறண்ட மாதங்களில் ஒரே ஒரு அறுவடை எடுக்கிறார்கள். குளிர்கால ராத்திரியின் குளிர்ச்சி அங்கே கூடுதல் வரம்.

கம்பத்தில் அந்த குளிர் கிடையாது. ஆனால் நாசிக்குக்கு இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. எந்த மாதம் கவாத்து செய்தாலும் கொடி துளிர்க்கும், சுமார் 4 மாதத்தில் பழம் வரும். அதனால்தான் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது பக்கத்து தோட்டத்தில் பூ எடுக்கிறது.

வடகிழக்கு மழை ஓய்கிற டிசம்பரில் கவாத்து செய்தால் மார்ச், ஏப்ரலில் அறுவடை. வெயில் காய்கிற நேரம், தண்ணீரை கட்டுப்படுத்தி கொடியில் கூடுதலாக சில நாள் விட்டால் இனிப்பு ஏறும். அதே சமயத்தில்தான் நாசிக் விதையில்லா திராட்சையும் சந்தையில் வந்து குவிகிறது, பன்னீருக்கு போட்டி கடுமையாகிறது. ஆக, ஒயினுக்கு கொடுக்க வேண்டியது மழைப்பழம் அல்ல, கோடைப்பழம்.

பன்னீரில் நல்ல ஒயின் வருமா என்ற சந்தேகமும் வேண்டாம். சீனாவின் தியான்ஜின் பகுதியில் 1980-களில் இருந்தே இதே மஸ்கட் ஹாம்பர்க்கில் வெள்ளை ஒயின் தயாரிக்கப்பட்டு உள்ளது. அடர் சிவப்பு நிறம் இதில் கிடைக்காது. வாசனைக்கு குறைச்சல் இல்லை.

விற்பது எங்கே?

முட்டுக்கட்டை இங்கேதான். மராட்டியம் 2001-ம் ஆண்டிலேயே திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கு தனிக்கொள்கை கொண்டு வந்து வரிச்சலுகை கொடுத்தது. கர்நாடகம் 2007-ல் ஒயின் கொள்கை அறிவித்து, தனி வாரியமும் அமைத்தது. தமிழ்நாட்டில் 2003-ல் மது சில்லரை விற்பனை டாஸ்மாக் கைக்கு போனது. தேனி மாவட்டத்துக்கு ஒயின் ஆலை வந்தும், பிராந்திக்கும் பீருக்கும் நடுவில் அந்த பாட்டிலுக்கு ஓர இடம்தான்.

எந்த கட்சியும் இதை வாய்திறந்து பேசவும் தயங்கும். 2016-ல் 500 கடைகள், 2023-ல் மறுபடி 500 கடைகள் என்று மதுக்கடைகளை மூடிக்காட்டிய மாநிலம் இது. குடியால் தாலி அறுத்த குடும்பங்கள் இந்த பள்ளத்தாக்கிலும் உண்டு. 'விவசாயிக்காக இன்னொரு மதுவா?' என்று பெண்கள் கேட்டால் அதை தள்ளி விட முடியாது. மராட்டியத்திலேயே 2022-ல் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்க மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

ஒயின் வேண்டாம் என்றால் அதே கோடைப்பழத்தை ஜூஸ் ஆக்கலாம். அதற்கு 22 டிகிரி பிரிக்ஸ் தேவை இல்லை, மதுவிலக்கு வம்பும் இல்லை. விதை இருப்பதால் உலர் திராட்சைக்குத்தான் பன்னீர் அவ்வளவாக தோதுப்படாது. ஆனால் ஜூஸ் ஆலையோ ஒயின் ஆலையோ, இன்ன இனிப்புக்கு இன்ன விலை என்று கவாத்துக்கு முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். அது இல்லாமல் எடையை குறைத்து இனிப்பை ஏற்ற எந்த விவசாயியும் துணிய மாட்டார். டிசம்பரில் கத்தரிக்கோலை எடுக்கும்போது விலை கையில் இருக்க வேண்டும்.