பை மேல ஹிக்கரி, உள்ளே என்ன?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போன சீனியர்கள் போடும் வீக்எண்ட் போட்டோக்களில் பெல்லட் கிரில் அடிக்கடி தெரியுது. 1980-களில் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் கொண்டுவந்த அடுப்பு இது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள்தான் எரிபொருள். மோட்டாரில் சுற்றும் திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும், ஃபேன் காற்று கொடுக்கும், கன்ட்ரோலர் சூட்டைப் பார்த்துக்கும்.

கிரில் வாங்க பத்து ரிவ்யூ பார்க்கிறவங்க, பெல்லட் வாங்கும்போது பையில் பெருசா எழுதியிருக்கும் மரத்தின் பெயரை மட்டும் நம்பிடறாங்க. இது சரியில்லை என்பது என் கருத்து.

ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி என்று பெயர் போட்ட பல பைகளில் அடிப்படை மரம் ஓக் அல்லது ஆல்டர். பெயருக்குரிய மரம் அதோட கலந்திருக்கும். சிலதில் வாசனை எண்ணெய்கூட சேர்க்கிறாங்க. கலப்பது தப்பே இல்லை, ஓக் சீராக எரியும். எவ்வளவு கலந்தோம்னு சொல்லாம விடுறதுதான் தப்பு.

சரி, மரம் மாறினா ருசி மாறுமா? புகையின் மணத்துக்கு முக்கிய காரணம் மரத்தில் உள்ள லிக்னின். அது சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் வரும். ஓக், ஹிக்கரி, செர்ரி மூன்றிலுமே இவை உண்டு. அதனால மரத்தைவிட சூடு முக்கியம். 110 டிகிரி செல்சியஸில் மெதுவா வேகும்போது புகை நல்லா பிடிக்கும். 200-ஐத் தாண்டினா நெருப்பு சுத்தமா எரியும், புகை குறைஞ்சிடும். அந்தச் சூட்டில் பர்கர் சுட காஸ்ட்லி செர்ரி பெல்லட் எதுக்கு?

உண்மையில் பார்க்க வேண்டியது ஈரப்பதமும் சாம்பலும். ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 1 சதவீதத்துக்குள் இருந்தா நல்ல பெல்லட். ஈரம் ஏறினா ஊதிப் பொடியாகி, திருகை அடைச்சிடும். கையில் உடைச்சா 'டக்'னு முறியணும், பையின் அடியில் தூள் அதிகம் இருக்கக் கூடாது.

விலை குறைவுன்னு வீட்டு ஹீட்டருக்கான பெல்லட்டை மட்டும் சமையலுக்குப் போடாதீங்க. அதில் பெரும்பாலும் பைன் மாதிரி பிசின் உள்ள மரம் இருக்கும், அது சாப்பாட்டுக்காகத் தயாரானதும் இல்லை.

நம்ம பிஸ்கட் பாக்கெட்டில் மைதா எத்தனை சதவீதம்னு அச்சடிக்கிறாங்க. சாப்பாட்டில் புகையாகப் படியும் மரத்துக்கும் அதே கணக்கைப் பை மேல போடணும். போடாத கம்பெனிக்கு 'பிரீமியம்' விலை கொடுக்கத் தேவையில்லை.