வேலி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோயில்காடுகள் பற்றிய தங்கள் கட்டுரை, அவற்றைச் சுற்றி வேலியிட்டு ஆட்களை விலக்கினாலே போதும் என்று முடித்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காடு இன்று துண்டு துண்டாகவேனும் மிஞ்சியிருப்பதற்கு, ஐயனார் கோயிலையொட்டிய மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் வைத்த கட்டுப்பாடு முக்கியக் காரணம். புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள கீழ்ப்புத்துப்பட்டு அதற்குச் சான்று. 1968இல் ஆரோவில் நகரியம் தொடங்கியபோது செம்மண் அரித்த பொட்டலாகக் கிடந்த நிலம் காடானதும், நட்டவர்கள் அங்கேயே தங்கி நீரூற்றிக் காத்ததால்தான். காசா, வீரை, உலக்கைப்பாலை போன்ற இக்காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை; நட்டபின் நெடுநாள் பராமரிக்க ஆள் வேண்டும். அவற்றுள் எந்த மரம் எப்போது பழுக்கும் என்றறிந்து நல்ல விதை சேகரிக்க உள்ளூர்க்காரரை விட்டால் வேறு யார்?

ஆட்கள் வந்தால் பிளாஸ்டிக்கும் வரும், ஆடும் வரும் என்பார்கள். உண்மைதான். திருவிழாக்களுக்குப் பிறகு கோயில்காடுகள் கிடக்கும் கோலம் வெட்கக்கேடு. ஆனால் வண்டி நிறுத்தத்தையும் பொங்கல் அடுப்புகளையும் காட்டின் விளிம்போடு நிறுத்திவிட்டால் பெரும் சேதம் குறையும். ஆடுகளுக்கான தடுப்போ, கன்றுகள் தலைதூக்கும் முதல் சில ஆண்டுகளுக்குப் போதும். மக்கள் கால் படாத காட்டைச் சீமைக்கருவேலம் பிடித்தாலும் கேட்க நாதியிருக்காது.

ஆகவே, கோயில்காடுள்ள ஊராட்சிகள் அக்டோபர் 2 கிராமசபையில் நாட்டுமர நாற்றங்காலுக்கும், காட்டினுள் ஒரேயொரு நடைபாதைக்கும் தீர்மானம் நிறைவேற்றலாம். அந்த நாற்றங்காலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

ஒரு வாசகர்,
திண்டிவனம்