பெல்ட்டா, டைரக்ட் டிரைவா?

பொங்கலுக்கு வந்த தங்கை பேரன் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனான். ஓசூரில் வேலை, கையில் சம்பளம், புதிதாக இசைத்தட்டு ஆசை. "தாத்தா, பெல்ட் டிரைவ் வாங்கட்டுமா, டைரக்ட் டிரைவா? எல்லாரும் பெல்ட்தான் ஒசத்திங்கறாங்க."

டைரக்ட் டிரைவ் வாங்கு என்றேன். ஏன் என்று கேட்டான். அதைச் சொல்ல வேண்டுமானால் என் அண்ணனோடு நான் போட்ட சண்டையைச் சொல்ல வேண்டும். பையனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தட்டைச் சுற்ற மூன்று வழி உண்டு. மோட்டாருக்கும் தட்டு மேடைக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் வைப்பது பழைய வழி. 1954-ல் வந்த இங்கிலாந்தின் கேரார்ட் 301 அந்த வகை. இழுவை பலம்தான், ஆனால் மோட்டார் உறுமல் தட்டு வரைக்கும் ஏறும். நிறுத்தாமல் அழுத்தியபடியே விட்டால் ரப்பர் ஓரிடத்தில் பள்ளமாகி, சுற்றுக்கு ஒரு 'தொப்' கேட்கும். அடுத்தது பெல்ட். 1961-ல் அமெரிக்காவின் ஏஆர் அதை எளிமையாகச் செய்து காட்டியது. மோட்டார் தள்ளி நிற்கும், அதிர்வை பெல்ட் விழுங்கிவிடும். மூன்றாவது, மோட்டார் தண்டின் மேலேயே மேடை. ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்பி-10, 1970-ல் அப்படி விற்பனைக்கு வந்தது. 1979-ன் எஸ்எல்-1200 எம்கே2-வில் வேகத்தை ஒரு குவார்ட்ஸ் துண்டு பிடித்து வைத்திருக்கும். டைட்டன் வாட்ச் செய்கிற ஓசூர்க்காரர்களுக்கு குவார்ட்ஸ் என்றால் என்ன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி சண்டை. 1994. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் சிங்காரப்பேட்டை. பெங்களூர் சிக்பேட்டை ஞாயிறு சந்தையில் ஒரு பழைய பெல்ட் டிரைவ் வாங்கி, பேரிங்குக்கு எண்ணெய் விட்டு, மட்டப் பலகை வைத்து மேடையைச் சரி செய்து, ஊசி அழுத்தத்தை இரண்டு கிராமுக்கு இறக்கி, ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டியிருந்தேன். எங்கள் தெருவில் அப்படி ஒரு சத்தம் யாரும் கேட்டதில்லை.

அண்ணன் கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசித்தவர். கூத்து இல்லாத நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்த பாட்டு இருக்கிறதே, அந்தத் தட்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டு வாரம் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், உன் மெஷின் சாயங்காலம் எறங்குது. ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டா என் கட்டையில வந்து உக்காருது. ஏழு மணிக்குப் போட்டா ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. வேகம் பார்க்கும் கோடு போட்ட அட்டையை எடுத்து மேடையில் வைத்தேன். டியூப்லைட் நம் 50 சைக்கிள் கரண்டில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். வேகம் சரியாக இருந்தால் 33⅓-க்கு உரிய 180 கோடுகளும் நகராமல் நிற்பதுபோல் தெரியும். ஏழு மணி. கோடுகள் ஆணி அடித்த மாதிரி நின்றன. "பாரு அண்ணா, மெஷின் சரி. உன் காதுதான் எறங்கிப்போச்சு" என்றேன். அண்ணி அங்கேதான் இருந்தார். அண்ணன் பெட்டியின் மூடியைச் சாத்தி எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் என் வீட்டுக்கு வராமல் இல்லை, ஆனால் பெட்டியோடு வரவில்லை. 2001-ல் தவறிப்போனார்.

அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் இருந்தது சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை வைப்பது வோல்டேஜ் அல்ல, கரண்டின் சைக்கிள். தென்னிந்திய மின்தொகுப்பில் அந்த நாட்களில் தேவை அதிகம், உற்பத்தி குறைவு. விளக்கு வைக்கும் நேரத்தில் 50 இருக்க வேண்டியது 48.5-க்கு இறங்கும். மூன்று சதவீதம். 45 சுற்றுத் தட்டு 43.6 சுற்றுதான் சுற்றும். சுருதியில் அது ஏறக்குறைய பக்கத்துக் கட்டைக்குப் பாதி வழி, அண்ணன் சொன்ன அந்த 'நடுவுல'. ஊர் தூங்கிய பிறகு சைக்கிள் ஏறிவிடும். டியூப்லைட்டும் அதே கரண்டில்தானே மினுக்குகிறது? மோட்டார் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு அதுவும் இறங்கியது. கோடு எப்படி நகரும்? திருடனையே சாட்சிக்கூண்டில் ஏற்றிய கதை.

இது எனக்கு உறைத்தது 2003-ல். அந்த ஜனவரியில் தெற்கில், சைக்கிள் குறையும் நேரத்தில் கூடுதலாக இழுக்கிற கரண்டுக்கு விலை அதிகம் என்று புதிய கட்டண முறை வந்தது. தொழிற்சாலை பேனல் போர்டில் சைக்கிள் மீட்டரின் முள் 50-ஐ ஒட்டி நிற்பதை எலக்ட்ரீஷியன் அதிசயமாகக் காட்டினார். பல வருடம் அந்த மீட்டர் முன்னால் நின்று டீ குடித்தவன் நான். 48.6, 48.7 என்று அது காட்டியதைத் தினமும் பார்த்தவன். மோட்டார் வேலை தெரிந்தவன். அப்படியும் வீட்டில் இருந்த மோட்டாரை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது அந்தச் சிக்கல் இல்லை. 2013 டிசம்பர் 31-ல் தெற்குத் தொகுப்பை நாட்டின் மற்ற தொகுப்போடு இணைத்துவிட்டார்கள். சைக்கிள் பெரும்பாலும் 50 பக்கத்திலேயே நிற்கிறது. புதிய பெல்ட் மெஷின்கள் பலவற்றில் டிசி மோட்டார்தான். அதனால் என் வாதம் பாதி பழசு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கரண்ட் போனால் இன்வெர்ட்டர், கல்யாண மண்டபம் என்றால் ஜெனரேட்டர் என்றுதானே நம் பிழைப்பு? ஜெனரேட்டர் சைக்கிளை யார் கண்டது! சித்திரை வெயிலில் பெல்ட் தொளதொளத்தால் ஊத்தங்கரையிலா கிடைக்கும்? அதனால்தான் குவார்ட்ஸ் என்கிறேன்.

இன்னொன்று, சூட்கேஸ் மாதிரி பளபளவென்று வருகிற மலிவு பிளேயர். அதன் ஊசி பல மெஷின்களில் ஐந்தாறு கிராம் அழுத்தும். தாத்தா வைத்துவிட்டுப் போன தட்டை அதில் போடாதீர்கள். 78 சுற்றுத் தட்டு இருந்தால் அதற்கு அகலமான வேறு ஊசி வேண்டும். எல்பி ஊசியில் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடக்கிற குப்பையைத்தான் கேட்பீர்கள்.

பேரன் கடைசியில் டைரக்ட் டிரைவே வாங்கி, போன வாரம் இங்கே கொண்டுவந்து காட்டினான். எல்இடி பல்பில் கோட்டு அட்டை சரியாக வேலை செய்யாது, அவனுக்கு அது தேவையும் இல்லை. போனை மேடையில் வைத்தான், 33.3 என்று எண் வந்தது.

அண்ணனின் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. 2003-லேயே அண்ணியிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, தூசி துடைத்துக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அதே தட்டை அதே பெல்ட் மெஷினில் போட்டேன். துருத்தியை அசைத்து அவர் சொன்ன கட்டையை அழுத்தினேன். வந்து உட்கார்ந்தது.

பேரனின் மெஷினுக்கும் பெட்டியை எடுத்து வைத்துத்தான் பார்த்தேன். "போன்லதான் காட்டுதே தாத்தா" என்றான். இருக்கட்டும் என்று மறுபடியும் ஒரு தடவை அழுத்தினேன்.