துஆவோடு மருந்தும்



சென்ற மாதம் அஸருக்குப் பின் ஒரு உம்மா மத்ரஸா வாசலுக்கு வந்தார். துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் மகன் தூளுக்கு அடிமை. காப்பை விற்றுக் கடன் அடைத்தாயிற்று; ஓதிப் பார்த்தாயிற்று; அறைக்குள் பூட்டியும் பார்த்தாயிற்று. “ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் அறியுமே, மௌலவி” என்று அழுதார்.

போதை ஹராம்; சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அடிமையானவன் நோயாளியும்தான். குடித்தவரைச் சபித்தவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நோய்க்கு மருந்து தேடும்படியும் ஏவினார்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் உளநலக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். மருந்தும் ஆலோசனையும் பெற்று அன்றே வீடு திரும்பலாம். மகன் வர மறுத்தால், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்தில் நீங்களே அழைத்து வழி கேளுங்கள்.

பூட்டி வைப்பது மருந்தல்ல. நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. தூளைச் சில வாரம் விட்டவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே விட்ட பின்னும் கிளினிக் தவணையைத் தவறவிடாதீர்கள். ஒருமுறை சறுக்கினால் விரட்டாதீர்கள். மறுபடி அழைத்துச் செல்லுங்கள்.

ஊர் கேட்கும் கேள்விக்கு அஞ்சி, அமானிதமாகத் தந்த பிள்ளையைப் பற்றி அல்லாஹ் கேட்கும் கேள்வியை மறக்கலாமா? தஹஜ்ஜுத்தில் துஆக் கேளுங்கள். விடிந்ததும் மகனைக் கைபிடித்துப் புறப்படுங்கள்.

வஸ்ஸலாம்.